வைத்திய விஞ்ஞானமும் வாசலில் நிற்கும் மாணவரும்

1944-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி, பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையில், இருதயக் குறைபாட்டினால் உடல் நீலம் பாரித்திருந்த ஒரு குழந்தைக்கு ஆல்ஃபிரட் பிளேலாக் என்னும் சத்திர சிகிச்சை நிபுணர் புதியதோர் அறுவையைச் செய்தபோது, அவருடைய தோளுக்குப் பின்னால் ஒரு சிறு படிப்பலகையின்மேல் நின்றுகொண்டு, தையல் செல்ல வேண்டிய திசையை ஒவ்வோர் அடியாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின இளைஞர். நாய்களின் உடலில் அந்த அறுவையைத் திரும்பத் திரும்பச் செய்து அதை முறைப்படுத்தியவர் அவரே. லூயிஸியானாவில் 1910-இல் பிறந்து, கலாசாலையில் சேர்ந்து வைத்தியராக வேண்டுமென்ற ஆசையால் தச்சு வேலை செய்து பணம் சேர்த்துவந்த அவர், பொருளாதார மந்தத்தில் படிப்பைத் தள்ளிப்போட நேர்ந்தபடியால், வாண்டர்பில்ட் சர்வகலாசாலையில் பிளேலாக்கின் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த வேலையை 1930-இல் ஏற்றுக்கொண்டார். செய்த வேலை ஆராய்ச்சியாளனுடையதாக இருந்தும், சம்பளப் பட்டியலில் அவருக்கு அளிக்கப்பட்டிருந்த பதவி துப்புரவுப் பணியாள் என்பது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது 1976-இல். தாமஸின் திறமையை வியந்து பேசுவோர் பலர். ஆனால் அவர் ஆய்வுக்கூடத்தின் உள்ளே கால் வைத்ததே தற்செயலாக நேர்ந்தது என்பதை எண்ணும்போது, அத்தகைய தற்செயல் வாய்க்காமல் வெளியிலேயே நின்றுவிட்ட மற்றவர்களைப் பற்றிய நினைவு எழாமல் இராது. அவர்களுக்குத் தற்செயலை நம்பாத ஒரு பாதையை அமைப்பது எப்படி, அதற்காக அமெரிக்காவில் கடந்த அரை நூற்றாண்டில் இளநிலைப் பட்ட வகுப்பு மாணவரை முன்னிட்டு நடந்த முயற்சிகள் என்ன கற்றுத் தந்திருக்கின்றன என்பதே இங்கே ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

இம்முயற்சிக்கு நியாயம் ஒன்றே போதிய காரணமாகும் என்று சொல்வோரோடு எனக்குப் பிணக்கு இல்லை. எனினும் விஞ்ஞானத்தின் நன்மையை முன்னிட்டும் ஒரு காரணம் உண்டு. அது அதிகமாகப் பேசப்படுவதில்லை. டெக்ஸாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில் பல இன மக்களையும் சேர்த்துக்கொண்டு நடத்தப்பட்ட ஓர் இருதய ஆய்வில், கறுப்பின மக்களுள் நூற்றுக்கு இரண்டு பேரளவில், பிசிஎஸ்கே9 என்ற மரபணுவின் ஒரு பிரதி செயலற்றுக் கிடப்பதையும், அத்தகையோரின் இரத்தத்தில் தீய கொழுப்பு மிகக் குறைவாக இருப்பதையும் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் ஆகிய இருவரும் 2005-இல் வெளியிட்டார்கள். மறு ஆண்டு வெளிவந்த தொடர் ஆய்வில் அத்தகையோருக்கு இருதய நாள நோய் 88 சதவிகிதம் குறைவு என்று தெரியவந்தது. அந்த மரபணுவின் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இன்று எல்லா இனத்து நோயாளிகளுக்கும் பயன்படுகின்றன. ஐரோப்பிய வம்சத்தாரை மட்டுமே வைத்து அந்த ஆய்வு நடந்திருக்குமானால் இந்த உண்மை இவ்வளவு விரைவில் கண்ணில் பட்டிருக்குமா என்பது ஐயம். ஆனாலும் 2019-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நோய்களுக்கும் மரபணுக்களுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் பேராய்வுகளில் பங்கு கொண்டோருள் ஏறத்தாழ 78 சதவிகிதத்தினர் ஐரோப்பிய வம்சத்தார். ஆப்பிரிக்க வம்சத்தார் 2 சதவிகிதமே. விரல் நுனியில் மாட்டி இரத்தத்தின் பிராணவாயுவை அளக்கும் சிறு கருவி, கருந்தோல் நோயாளிகளிடம் உள்ள ஆபத்தான பிராணவாயுக் குறைவை வெள்ளையரிடம் தவறவிடுவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தவறவிடுகிறது என்ற ஆய்வு 2020-இல், கொரோனா கொள்ளைநோய் உச்சத்திலிருந்தபோது வெளிவந்தது. பல பத்தாண்டுகள் புழக்கத்திலிருந்த கருவி அது!

இவையெல்லாம் ஆராயப்படுவோரைப் பற்றிய செய்திகள் அல்லவா, ஆராய்வோரின் குலம் கோத்திரத்துக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் கேட்டால், அது நேர்மையான கேள்வியே. இரண்டையும் இணைப்பது கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் செயல். தான் வளர்ந்த தெருவில் நீரிழிவாலும் இரத்த அழுத்தத்தாலும் தாய்மார்கள் மாண்டதைக் கண்டு வளர்ந்தவர் ஆய்வுக்கூடத்தை அடைந்தால், அவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி வேறாக இருக்கும். அமெரிக்கத் தேசிய சுகாதார ஸ்தாபனங்களின் மானிய விண்ணப்பங்களைப் பரிசீலித்து 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கறுப்பின விஞ்ஞானிகள் சமூகத்தையும் மக்கள் கூட்டத்தையும் நேரடியாகத் தொடும் விஷயங்களையே அதிகமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றும், அவ்விஷயங்களுக்கு மானியம் கிடைப்பது பொதுவாக அரிது என்றும், வெள்ளையருக்கும் கறுப்பினத்தாருக்கும் இடையிலுள்ள வெற்றி வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இத்தேர்வினாலேயே விளைகிறது என்றும் கண்டது. ஆகவே ஆராய்வோரின் கூட்டம் குறுகினால் ஆராயப்படும் விஷயங்களும் குறுகும் என்பதற்குச் சான்று தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை.

அந்த மானிய வித்தியாசம் உலகறிய வெளிப்பட்டது 2011-இல். பொருளாதார அறிஞர் டோனா கிந்தரும் அவருடைய சகாக்களும், 2000 முதல் 2006 வரையில் வந்த எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்களை எடுத்துக்கொண்டு, விண்ணப்பதாரரின் படிப்பு, பயிற்சி, முன்பு பெற்ற பரிசுகள், வெளியிட்ட கட்டுரைகள், பணிபுரியும் ஸ்தாபனம் ஆகிய அனைத்தையும் கணக்கில் கொண்ட பின்னரும், கறுப்பின விண்ணப்பதாரர் பிரதான மானியத்தைப் பெறும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவிகிதப் புள்ளிகள் குறைவாக இருப்பதைக் காட்டினார்கள். தேசிய சுகாதார ஸ்தாபனங்களின் தலைவராயிருந்த ஃபிரான்சிஸ் காலின்ஸ் அதை மறைக்க முயலாமல் ஒரு குழுவை நியமித்து, 2014-இல் பெருந்தொகை செலவிட்டு ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கினார். அதைப் பற்றிப் பின்னர் சொல்லுவேன். அதற்கு முன்னால், இளநிலை மாணவரைப் பயிற்றுவது என்ற எண்ணம் எங்கே வேர் கொண்டது என்பதைப் பார்ப்பது முறை.

1970-களில் கலிஃபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி வளாகத்தில் கணித மாணவராயிருந்த யூரி டிரைஸ்மன் என்பவர், முதலாண்டு நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர் மிகுதியாகத் தோற்பதையும், சீன வம்சத்து மாணவர் மிகுதியாக வெல்வதையும் கண்டு, காரணம் என்னவென்று ஆசிரியர்களைக் கேட்டார். ஊக்கமின்மை, பள்ளியில் பெற்ற அடிப்படையின் குறை, கல்வியில் குடும்பத்துக்கு அக்கறையின்மை, வறுமை என்று நான்கு விடைகள் வந்தன. அவற்றை ஏற்றுக்கொண்டு ஓர் இலவச வகுப்பை ஏற்படுத்திவிட்டுத் திருப்தியடையும் மனிதராக அவர் இருக்கவில்லை. இருபது கறுப்பின மாணவரையும் இருபது சீன வம்சத்து மாணவரையும் தேர்ந்து, அவர்கள் படிக்கும் இடத்துக்கும் தங்கும் இடத்துக்கும் கூடவே போய், மாதக்கணக்கில் கவனித்தார். நான்கு விடைகளும் பொய்யாயின. அந்தக் கறுப்பின மாணவருள் பலர் தத்தம் பள்ளியில் முதன்மை பெற்று வந்தவர்கள். பிள்ளையைப் படிக்க வைப்பதற்காகவே வாழ்நாளைச் செலவிட்ட பெற்றோர் அவர்களுக்கு இருந்தார்கள். வித்தியாசம் வேறோரிடத்தில் இருந்தது. வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டதை வேதவாக்காகக் கொண்டு, வாரத்துக்கு எட்டு மணி நேரம், தனியறையில், தன்னந்தனியாகப் படித்தவர்கள் அவர்கள். படிப்பும் சிநேகமும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாதென்பது அவர்களுடைய ஒழுக்கமாயிருந்தது, அந்த ஒழுக்கமே பள்ளியில் அவர்களைக் காப்பாற்றியும் இருந்தது. சீன வம்சத்து மாணவரோ தனியாகப் படித்தது போக, மாலையில் ஒன்று கூடி, உண்டுகொண்டே ஒருவர் கணக்கை ஒருவர் திருத்தி, பழைய வினாத்தாள்களை வைத்து ஒருவரையொருவர் சோதித்து, விடை வராத கணக்கு எல்லோருக்குமே வரவில்லை, ஆகவே கணக்குத்தான் கடினம், தான் மூடனல்ல என்று தெரிந்துகொண்டார்கள். தனித்திருப்பவனுக்குக் கணக்கின் கடினம் தன் குறையாகவே தோன்றும்.

டிரைஸ்மன் அமைத்த பயிற்சிக் கூட்டத்தில் பின்தங்கியோருக்கான பாடம் என்ற பேச்சே இல்லை. வகுப்பில் கொடுத்தவற்றைவிடக் கடினமான கணக்குகளைச் சிறு குழுக்களிடம் கொடுத்து, சிறந்த மாணவருக்குரிய சிறப்புத் திட்டம் இது என்று சொல்லியே அழைத்தார். அதில் பங்கு கொண்ட கறுப்பின மாணவரின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது. இளநிலைப் பயிற்சியைப் பற்றிப் பின்னால் எழுதப்பட்ட பெரிய அறிக்கைகள் யாவற்றையும்விட இந்த ஒரு சோதனையே எனக்கு அதிகமாகப் போதித்தது என்று சொல்லத் தயங்கமாட்டேன். ஏனெனில், உதவியென்று நினைத்துக்கொண்டு ஒருவனுடைய தரத்தைத் தாழ்த்தி மதிப்பது எத்தனை பெரிய தீங்கு என்பதை அது கண்கூடாகக் காட்டியது.

அதே ஞானம் வைத்திய விஞ்ஞானத்துக்குள் முழு உருப்பெற்றது பால்டிமோர் அருகிலுள்ள மேரிலாண்ட் சர்வகலாசாலையின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில். 1966-இல் தொடங்கிய, பழம்பெருமை ஏதுமில்லாத ஸ்தாபனம் அது. அங்கே 1987-இல் பணியில் சேர்ந்த ஃப்ரீமன் ஹ்ரபௌஸ்கி, அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமில் பிறந்த கணித மேதை; 1963-இல் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக, குழந்தைகள் நடத்திய உரிமை ஊர்வலத்தில் கலந்துகொண்டு ஐந்து நாள் சிறையில் இருந்தவர். ராபர்ட் மேயர்ஹாஃப், அவர் மனைவி ஜேன் என்னும் தம்பதியர் அளித்த நன்கொடையைக் கொண்டு 1988-இல் அவர் ஏற்படுத்திய மேயர்ஹாஃப் திட்டத்தில், மறு ஆண்டு முதல் குழுவாகச் சேர்ந்தவர் பத்தொன்பது கறுப்பின ஆண் மாணவர். அடுத்த ஆண்டு பெண்களும் சேர்ந்தார்கள். கலாசாலை திறப்பதற்கு முன் கோடையில் ஆறு வாரம் அவர்கள் ஒரே விடுதியில் தங்கி, ஒரே நேரத்தில் எழுந்து, கணிதமும் ரசாயனமும் பயின்றார்கள். பின்னர் ஆண்டு முழுதும் குழுவாகவே படித்தார்கள். முக்கியமான பாடத்தில் சுமாரான மதிப்பெண் பெற்றவரை, தேறிவிட்டீரே போதும் என்று அனுப்பாமல், அதே பாடத்தை மறுபடி படிக்கச் சொன்னார்கள். இதைக் கொடுமை என்று கருதுவோர் இருக்கலாம். மேல்படிப்பில் இடம் தேடும்போது அந்தச் சுமாரான மதிப்பெண் என்ன செய்யும் என்று அறிந்தவர் அவ்வாறு கருதமாட்டார்கள். முதலாண்டு முடிவதற்குள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மேசையும், அங்கே பெயர் சொல்லி அழைக்கும் ஒரு விஞ்ஞானியும் அவர்களுக்கு உண்டு. மைக்கேல் சம்மர்ஸ் போன்ற முதல்தர ஆராய்ச்சியாளர்கள் தங்கள் ஆய்வுக்கூடத்தை இளநிலை மாணவருக்குத் திறந்துவிட்டது இத்திட்டத்தின் பெரும் பலம். கொரோனா தடுப்பூசி ஆராய்ச்சியில் முன்னணியில் நின்ற கிஸ்மெக்கியா கார்பெட் இங்கே பயின்று 2008-இல் பட்டம் பெற்றவர்.

திட்டத்தில் இடம் கிடைத்தும் வேறு கலாசாலைக்குப் போய்விட்ட மாணவரோடு ஒப்பிட்டபோது, இதில் சேர்ந்தவர் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டப் படிப்புக்குப் போவது ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம் என்று கண்டார்கள். சிறந்தவரைப் பொறுக்கியெடுத்துவிட்டு வெற்றியென்று பேசுகிறார்கள் என்ற ஆட்சேபத்துக்கு இந்த ஒப்பீடு ஓரளவு விடையளிக்கிறது. இரு தரப்பாரும் பொறுக்கப்பட்டவர்களே. ஆனால் விரும்பிச் சேர்ந்தவருக்கும் விலகிச் சென்றவருக்கும் மனப்போக்கில் வேறுபாடு இருந்திருக்கலாம் என்பதையும் மறுக்க இயலாது. இதைவிட வலுவான சான்று, பென்ஸில்வேனியா மாநில சர்வகலாசாலையிலும் வட கரோலினா சர்வகலாசாலையின் சாப்பல் ஹில் வளாகத்திலும் இதே முறை 2013 முதல் நாற்று எடுத்து நடப்பட்டு, தொடக்க ஆண்டுகளில் ஒத்த பலனைத் தந்தது என்று 2019-இல் வெளியான செய்தி. ஹ்ரபௌஸ்கி என்ற ஒரு மனிதரின் ஆளுமையால் மட்டுமே நடந்தது என்ற எண்ணம் அதனால் தளர்ந்தது.

சட்டமும் இக்கதையில் குறுக்கிட்டது. மேரிலாண்ட் சர்வகலாசாலையின் காலேஜ் பார்க் வளாகத்தில் கறுப்பின மாணவருக்கென்று இருந்த உபகாரச் சம்பளத்தை 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாதென்று தீர்க்க, 1996-இல் மேயர்ஹாஃப் திட்டம் எல்லா இனத்தாருக்கும் திறக்கப்பட்டது. பேதம் நீக்கும் பணியில் அக்கறை காட்டுவதே தகுதி என்று வைத்துக்கொண்டார்கள். திட்டம் தன் நோக்கத்தை இழக்கவில்லை.

பொறுக்கியெடுத்த சிலரை உயர்த்தும் இந்த முறைக்கு மாறாக, வந்து சேர்ந்த எல்லோரையும் ஆராய்ச்சியில் இறக்கிவிடும் முறை ஒன்றும் இருக்கிறது. பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையின் கிரஹாம் ஹாட்ஃபுல் வகுத்து, ஹோவர்ட் ஹியூஸ் வைத்திய ஸ்தாபனம் 2008 முதல் நடத்திவரும் திட்டத்தில், நூற்றுக்கு மேற்பட்ட கலாசாலைகளின் முதலாண்டு மாணவர், கைக்கெட்டிய மண்ணை எடுத்து வந்து, அதில் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸைத் தேடிப் பிரித்து, பெயரிட்டு, அதன் மரபணுத் தொடரைப் படிக்கிறார்கள். விடை முன்கூட்டியே தெரிந்த சோதனையைச் செய்து காட்டும் வழக்கமான செய்முறை வகுப்புக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. இதோடு தொடர்புடைய ஒரு பயிற்சியில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து மாணவி ஒருவர் 2010-இல் அழுகிய கத்தரிக்காயின் அடிப்புறத்திலிருந்து எடுத்த வைரஸ் ஒன்று, மற்ற இரண்டு வைரஸ்களோடு சேர்ந்து, நுரையீரல் மாற்று சிகிச்சைக்குப் பின் எந்த மருந்துக்கும் கட்டுப்படாத தொற்றால் மரண வாயிலில் கிடந்த பதினைந்து வயது ஆங்கிலேயப் பெண்ணுக்கு லண்டனில் செலுத்தப்பட்டு, அவள் உடலின் புண்கள் மெல்ல ஆறின. அச்செய்தி 2019-இல் வெளிவந்தது. அம்மாணவியை யாராவது பரீட்சை வைத்துப் பொறுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் சொல்ல முடியாது. எந்த முறை மேல் என்று கேட்டால், பெயர் பெற்ற ஆராய்ச்சி சர்வகலாசாலைக்கு மேயர்ஹாஃப் முறையும், வேலை செய்துகொண்டே படிக்கும் ஆயிரக்கணக்கானோர் வரும் சாதாரணக் கலாசாலைக்கு இந்த முறையும் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். நியாயத்தின் தராசு பின்னதன் பக்கமே சாய்கிறது.

ஏனெனில் பணம் என்ற விஷயத்தை எவரும் மறைக்க இயலாது. கோடை விடுமுறையில் சம்பளமின்றி ஆய்வுக்கூடத்தில் வேலை செய்து சிபாரிசுக் கடிதம் பெறுவது அமெரிக்காவில் நெடுங்கால வழக்கம். அந்த மூன்று மாதமும் கடையில் நின்று சம்பாதித்தால்தான் அடுத்த ஆண்டுக் கட்டணம் கட்ட முடியும் என்ற நிலையிலுள்ளவனுக்கு அவ்வழக்கம் ஒரு தாழ்ப்பாள். 1970-களிலிருந்து தேசிய சுகாதார ஸ்தாபனங்கள் நடத்திவந்த மார்க் என்னும் திட்டம் இளநிலை மாணவருக்கு மாதாந்தர உதவித்தொகை அளித்தது இதனால்தான். காலின்ஸ் 2014-இல் தொடங்கியதாக முன்பு சொன்ன பில்ட் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பணத்தை மாணவருக்கு மட்டுமின்றி ஸ்தாபனங்களுக்கும் கொடுத்தது. லூயிஸியானாவின் சேவியர் சர்வகலாசாலை, மேரிலாண்டின் மார்கன் மாநில சர்வகலாசாலை, ஸ்பானிய மரபினர் மிகுந்த எல் பாஸோ, ஆதிக்குடிகளின் நாடான அலாஸ்கா என்று பத்து இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. போர்ட்லண்ட் மாநில சர்வகலாசாலை பசிபிக் கடலிலுள்ள குவாம், அமெரிக்க சமோவா தீவுக் கலாசாலைகளையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அலாஸ்காவில் மனிதன், மிருகம், சுற்றுப்புறம் மூன்றின் ஆரோக்கியத்தையும் ஒன்றாகக் கொண்டு பாடத்தை அமைத்ததனால், வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழும் குடியில் பிறந்த பிள்ளை தன் வீட்டு அறிவோடு ஆய்வுக்கூடத்துக்குள் வர முடிந்தது.

வழிகாட்டும் ஆசிரியரைப் பற்றி இங்கே சற்று நின்று பேச வேண்டும். எல்லாத் திட்டங்களும் வழிகாட்டுதலைப் புகழ்கின்றன. ஆனால் அது ஒரு கைத்திறன், கற்றுக்கொள்ளத் தக்கது என்ற எண்ணம் மெதுவாகவே வந்தது. நல்ல விஞ்ஞானி நல்ல வழிகாட்டியாகத் தாமே ஆகிவிடுவார் என்பது நெடுநாள் நம்பிக்கை. விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் உருவான பயிற்சியை 16 இடங்களில் வழிகாட்டியும் பயில்வோருமான 283 ஜோடிகளிடம் சோதித்து 2014-இல் வெளியிட்டபோது, சுமார் எட்டு மணி நேரப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளின் திறமை, அவர்களுடைய சொந்த மதிப்பீட்டில் மேம்பட்டிருந்தது. எட்டு மணி நேரம்! ஒரு தலைமுறையின் வாழ்வை மாற்றும் வேலைக்கு அதைக்கூடச் செலவிடாதிருந்தது வருந்தத்தக்கது. மிகா எஸ்ட்ராடாவும் பிறரும் மாணவரைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு, தரமான வழிகாட்டுதலும் இரு பருவங்களுக்குக் குறையாத ஆராய்ச்சி அனுபவமும் பெற்றவரிடம், நான் விஞ்ஞானி என்ற உணர்வு ஊன்றுகிறது என்றும், அவ்வுணர்வே அவர்களைத் துறையில் நிறுத்துகிறது என்றும் காட்டியது. ஆனால் யார் வழிகாட்டுகிறார்கள்? துறையில் ஒருவராகவோ இருவராகவோ இருக்கும் கறுப்பினப் பேராசிரியையின் கதவையே எல்லா மாணவரும் தட்டுகிறார்கள். அவர் அதற்குக் கொடுக்கும் மாலை நேரங்கள் பதவி உயர்வுக் குழுவின் கணக்கில் ஏறுவதில்லை. அவருடைய சகாவுக்கு அதே மாலையில் ஒரு கட்டுரை முடிகிறது.

இத்தனையும் நிறைவேறிய பின்னும் மிஞ்சும் சங்கடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது மாணவருக்குச் செய்யும் துரோகமாகும். கென்னத் கிப்ஸும் சகாக்களும் 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, 1980-க்கும் 2013-க்கும் இடையில் குறைந்த பிரதிநிதித்துவமுள்ள இனத்தாருள் டாக்டர் பட்டம் பெற்றோர் 9.3 மடங்கு பெருகினார்கள்; மற்றவர் 2.6 மடங்கு. இத்தனை பெருக்கத்துக்கும், வைத்தியக் கல்லூரிகளின் அடிப்படை விஞ்ஞானத் துறைகளில் அவர்களுள் உதவிப் பேராசிரியராக நியமனம் பெற்றோரின் எண்ணிக்கைக்கும் தொடர்பே காணப்படவில்லை. வாய்க்காலை ஆழ வெட்டி நீரைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு மதகை மூடிவைத்தால் வயல் காய்வது நீரின் குற்றமாகாது. தகுதியுள்ளோர் கிடைக்கவில்லை என்ற பழைய சமாதானத்துக்கு இந்தக் கணக்கின் பின்னர் இடமில்லை. மாணவரைத் திருத்துவதற்கென்று ஒதுக்கிய சிரத்தையில் ஒரு பகுதியையாவது தேர்வுக் குழுக்களின்மேலும் மானியப் பரிசீலனையின்மேலும் திருப்பியாக வேண்டும்.

இச்சமயத்தில் காற்று எதிராக வீசுகிறது. இனத்தைக் கருதி மாணவரைச் சேர்ப்பதை 2023-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. பில்ட் திட்டம் தன் பத்தாண்டு முடிந்து நின்றது. 2025-இல் மார்க் உள்ளிட்ட இளநிலைப் பயிற்சித் திட்டங்கள் பல, பட்டப் படிப்பின் நடுவில் இருந்த மாணவரையும் பாராமல் நிறுத்தப்பட்டன. பயன் காணவில்லை என்பது அதற்கு நியாயமான காரணமாக இருக்க முடியாது. அமெரிக்காவில் ஒரு விஞ்ஞானி தன் முதல் பிரதான மானியத்தைப் பெறுவது சராசரியாக நாற்பது வயதைக் கடந்த பின்னரே. 2015-இல் பதினெட்டு வயதில் எல் பாஸோவிலோ மார்கனிலோ பில்ட் திட்டத்தில் சேர்ந்த மாணவி அந்த வயதை எட்டுவது 2037-க்கு மேல்தான். கிந்தர் அளந்த அதே 10 புள்ளிகள் அவளுடைய தலைமுறையில் குறைந்தனவா என்று மறுபடி அளந்து பார்க்கும் காலம் அதற்குப் பின்னரே வரும். அதுவரை அவளுக்குப் பின்னால் மாணவர் வந்துகொண்டிருந்தால்தான் அளப்பதற்கும் ஆட்கள் இருப்பார்கள்.